எட்டாம் கிழமை

கர்ப்பம் பார்க்கும் குச்சியை வாங்குவதற்காக மிதுனா வெள்ளவத்தையிலிருந்து நுகேகொடைக்குப் போனாள். அவள் குடியிருந்த ஒழுங்கை காலி வீதியில் ஏறும் இடத்திலேயே மூன்று மருந்துக்கடைகள் இருந்தன. மூன்றிலும் நின்றவர்களுக்கு அவளைத் தெரியும். மாமியின் பிரஷர் குளிசை வாங்கிப் பழகிய கடைகள். அங்கே போய் அந்தச் சாமானைக் கேட்டால், அவள் மாடிப்படி ஏறி மூன்றாம் தட்டுக்கு வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டு வந்து கதவைத் தட்டும். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை கந்தோரில் அரைநாள் லீவு போட்டு, பஸ் ஏறி, நுகேகொடைச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு கடையில் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் கேட்டு வாங்கினாள்.

அடுத்தநாள் காலை கொள்ளுப்பிட்டியில், கந்தோர்க் கழிப்பறையில் வைத்துப் பார்த்தபோது இரண்டு கோடுகள் தெரிந்தன. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதை ஒருவருக்கும் தெரியவிடக்கூடாது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

இதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டும் கலைந்துபோயிருந்தன. முதல் தடவை அவளுடைய மாமி பத்மாவதி லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கோண்டாவிலுக்கும் போன் எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் எட்டுக் கிழமையில் போனது. இரண்டாம் தடவை வீட்டு ஆட்களைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. அதுவும் ஒன்பதில் போனது. அப்போது பார்த்த பெண்நோய் டொக்டர் ஒரு துண்டில் ஏழெட்டு இரத்தச் சோதனைகளை எழுதிக்கொடுத்து, எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அந்தத் துண்டை மிதுனா கைப்பையில் வைத்தாள். சோதனைக்குப் போகவில்லை. மாமி இதைக் கண்ணூறு என்றாள். கணவன் ராகுலன், வேலையைக் குறைத்து ஓய்வெடுக்கச் சொன்னான். மிதுனாவின் மனம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கப்பல் முகவர் கந்தோரில் பத்திரம் சரிபார்க்கும் வேலை. ஒரு பத்திரத்தில் இருப்பதும் மற்றதில் இருப்பதும் எங்கே ஒத்துவரவில்லை என்று தேடித்தேடி அவளுக்கு ஏழு வருடம் போயிருந்தது. இரண்டு தடவையும் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் ஒத்துவந்தது. முதல் தடவை கலைவதற்கு இரண்டு நாள் முன்னால் தடிமனுக்கென்று மாமி கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தாள். இரண்டாம் தடவை வயிற்றுப் பொருமலுக்கென்று கொடுத்திருந்தாள். கோண்டாவிலில் மாமியின் தமையன் மகள் ரூபிகா இன்னும் கலியாணமாகாமல் இருந்தாள். "முதல் ராகுலனுக்கு அவளைத்தான் பேசினது" என்று மாமி ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டு சாதாரணமாகச் சொல்லியிருந்தாள். அந்தச் சாதாரணம்தான் மிதுனாவை உறுத்தியது.

ஆகவே இந்தத் தடவை மாமி தரும் தேநீர் கைகழுவும் தொட்டிக்குள் போனது. காலையில் பசிக்கவில்லை என்றாள். மத்தியானம் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டாள். இரவில் தானே இரண்டு முட்டை அவித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு வயித்துக்கை சரியில்லையோ?" என்று மாமி கேட்டாள்.

"இல்லை மாமி, டயட்டிலை இருக்கிறன்."

மாமி அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையையும் மிதுனா மனதில் குறித்துவைத்தாள்.

ராகுலனுக்கும் சொல்லவில்லை. கூரைகளில் சோலார் பூட்டிக்கொடுக்கும் கம்பனியில் அவன் வேலை செய்தான். கிழமையில் இரண்டு மூன்று நாள் வவுனியாவில் நிற்பான். அவனிடம் சொன்னால் அன்றைக்கே தாயின் காதுக்குப் போகும். டொக்டரிடம் போகவும் அவளுக்கு மனமில்லை. போனால் துண்டு தருவார்கள், ரிப்போர்ட் தருவார்கள், அவற்றையெல்லாம் வீட்டில் எங்கே ஒளிப்பது? முதல் இரண்டு தடவையும் யாராவது பார்க்கத் தொடங்கிய பிறகுதான் போனது என்று ஒரு பயமும் அடியில் கிடந்தது. பன்னிரண்டு கிழமை கழியட்டும், பிறகு போவோம் என்று தனக்குத்தானே ஒரு தவணை போட்டுக்கொண்டாள்.

ஏழாம் கிழமை ஒரு சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. மிதுனாதான் திறந்தாள். வெள்ளைச் சீருடையும் வெள்ளை முக்காடுமாக, ஒரு கையில் குடையும் மற்றக் கையில் தடித்த பதிவுப் புத்தகமுமாக ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"நான் ஸும்றா, ஏரியா மிட்வைஃப். லிஃப்ட் வேல செய்யல்ல போல" என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். "மிதுனா ராகுலன். வயசு முப்பத்தொண்டு. ரெண்டு தரம் நட்டமாகீக்கி, என்ன?"

மிதுனா புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். "அது எப்பிடி உங்கடை புத்தகத்திலை வந்தது?"

"கலியாணம் முடிச்ச எல்லாட பேரும் இதுல ஈக்கும் தங்கச்சி. இப்ப ஏதும் விசேஷம் ஈக்கா?"

மாமி குசினி வாசலில் துவாயால் கை துடைத்தபடி நின்றாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லை" என்றாள் மிதுனா.

ஸும்றா புத்தகத்தை மூடினாள். தன் போன் நம்பரை எழுதி நீட்டினாள். "ஏதும் ஈந்தா, எட்டுக் கெழமைக்கு முந்தி எனக்கிட்ட செல்லுங்க. முந்தி நட்டமானவங்க பிந்தி வாரதுதான் எங்களுக்குப் பயம். நான் யாருட்டயும் செல்ல மாட்டேன்."

அவள் போன பிறகு மிதுனா பல்கனியில் நின்று கீழே பார்த்தாள். அந்தப் பெண் வேறு வீடுகளுக்குப் போகிறாளா என்று பார்த்தாள். போகவில்லை. நேரே வெளிவாசலைக் கடந்து காலி வீதிப் பக்கம் நடந்தாள். அப்படியானால் இந்த ஒரு வீட்டுக்காகத்தான் வந்திருக்கிறாள். யார் சொன்னது? நுகேகொடைக் கடைக்காரனா? கந்தோரில் கழிப்பறை கூட்டுகிறவளா? பேப்பரில் சுற்றி எறிந்த குச்சியை யாரும் எடுத்துப் பார்த்தார்களா? எல்லோரையும் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள். ஒருவரையும் விலக்க முடியவில்லை. அந்த நம்பரைக் கிழித்து எறிய எடுத்தவள், என்ன நினைத்தாளோ, போன் உறைக்குள் சொருகிவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கந்தோரில் இரத்தம் பட்டது. கொஞ்சம்தான், ஒரு ரூபாய்க் குற்றி அளவு. மிதுனா கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள். முதல் இரண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது. ராகுலனின் நம்பரை எடுத்தாள், அழுத்தவில்லை. தாயை எடுப்போமா என்று பார்த்தாள். தாய் வல்வெட்டித்துறையில் இருந்தாள். அவளால் அங்கிருந்து அழ மட்டும்தான் முடியும். கடைசியில் போன் உறைக்குள் இருந்த துண்டை எடுத்தாள்.

"எவ்வளவு நாள் தங்கச்சி?" என்று ஸும்றா கேட்டாள். பொய் சொன்னதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"நாளைக்கு எட்டுக் கிழமை."

"த்ரீவீல் ஒண்டு பிடிச்சி கிளினிக்குக்கு வாங்க. நான் வாசல்ல நிக்கிறேன். படியில பையப் பைய எறங்குங்க."

அன்றைக்கே ஸ்கானுக்கு அனுப்பினார்கள். திரையில் ஒரு மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று கிடந்தது. அதன் நடுவில் ஏதோ விட்டு விட்டு மின்னியது. அது இதயம் என்று டொக்டர் சொன்னார். முன்பு இரண்டு தடவையும் இதைக் காணும்வரை வந்ததில்லை. மிதுனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸும்றா கர்ப்பிணி அட்டையில் அவள் பெயரை எழுதி, நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, இரத்தம் எடுக்க அனுப்பினாள். நாலு சின்னக் குழாய்களில் எடுத்தார்கள்.

"இதெல்லாம் என்னத்துக்கு?"

"எல்லாருக்கும் எடுக்கியதுதான். சீனி, ரத்தக் கொறவு, ரத்த வகை, தொத்து நோய் ஏதும் ஈக்கா எண்டு. அடுத்த தரம் மாப்பிள்ளயையும் கூட்டி வாங்க."

இரத்தம் படுவது நின்றுபோனது. அட்டையை மிதுனா கந்தோர் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினாள். ஐந்து நாள் கழித்து ஸும்றா போன் எடுத்து, டொக்டர் நேரில் பார்க்க வேண்டுமாம் என்றாள். எதற்கென்று கேட்டதற்கு, வந்தால் சொல்லுவார் என்றாள். அவள் குரல் பழைய குரலாக இல்லை என்று மிதுனாவுக்குப் பட்டது.

கிளினிக் டொக்டர் ஒரு சிங்களப் பெண். கதவைச் சாத்திவிட்டு, ஆங்கிலமும் தமிழும் கலந்து நிதானமாகச் சொன்னார். இரத்தச் சோதனையில் ஒன்று ரியாக்டிவ் என்று வந்திருக்கிறது. சிபிலிஸ் என்ற நோய்க்காகச் செய்யும் முதல் சோதனை அது. இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, பாலியல் நோய்க் கிளினிக்கில் உறுதிச் சோதனை செய்ய வேண்டும், கணவரும் வர வேண்டும். நோய் இல்லாமலும் சில நேரம் இப்படி வரும்.

மிதுனாவின் காதில் பாலியல் என்ற சொல்லுக்குப் பிறகு வந்த எதுவும் ஏறவில்லை.

பஸ்ஸில் வரும்போது அவள் மனதில் எல்லாம் இடம் மாறின. மாமியின் கஷாயக் கோப்பை பின்னால் போனது, அந்த இடத்தில் வவுனியா வந்து உட்கார்ந்தது. கிழமையில் மூன்று நாள். போன் எடுத்தால் சிலவேளை பதில் வராது. கூரையில் நின்றேன் என்பான். ஒரு மனிதன் நாளெல்லாம் கூரையிலா நிற்பான்?

அன்று பின்னேரம் ராகுலன் குளிக்கப் போனபோது அவனுடைய போனை எடுத்துப் பார்த்தாள். கம்பனி ஆட்கள், வாடிக்கையாளர்கள், லண்டனில் இருக்கும் தமக்கை, கூட வேலை செய்யும் வினோதன். பெண் பெயர் ஒன்றும் சந்தேகப்படும்படி இல்லை. இல்லாததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு துப்புரவாக யார் போன் வைத்திருப்பார்கள்? வினோதன் அனுப்பியிருந்த ஒரு வரியில் அவள் கண் நின்றது. "அண்ணை, போனமுறை நிண்ட லொட்ஜ் சரிவராது, இந்தமுறை வேறை பாப்பம்." அதை ஐந்து தரம் வாசித்தாள். ஒவ்வொரு தரமும் அதற்கு வேறொரு அர்த்தம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமி கோயிலுக்குப் போயிருந்தாள். ராகுலன் மேசையடியில் உட்கார்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தான். மிதுனா அவன் முன்னால் கர்ப்பிணி அட்டையை வைத்தாள்.

அவன் எடுத்து விரித்தான். பெயரைப் படித்தான். முகம் அப்படியே மலர்ந்தது. "எப்ப? நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் கிளினிக் டொக்டர் எழுதித் தந்த கடிதத்தை அட்டைக்கு மேல் வைத்தாள். அவன் அதையும் படித்தான். ஒரு சொல்லில் நின்று திரும்பவும் முதலிலிருந்து படித்தான்.

"இது என்ன?"

"நான்தான் உங்களைக் கேக்கவேணும். வவுனியாவிலை ஆரோடை இருந்தனீங்கள்?"

ராகுலன் ஊசியைக் கீழே வைத்தான். அவன் குரல் உயரவில்லை. "என்னைக் கேக்கிறாய். நீ நுகேகொடையிலை ஆரைச் சந்திக்கப் போனனி?"

கலியாணமாகி நாலு வருடத்தில் அவன் அவளை நீ என்றது இதுதான் முதல் தடவை.

"என்ன நுகேகொடை?"

"வேலை நாளிலை, மத்தியானம், சந்தைக்குப் பின்பக்கம். வினோதன் கண்டவன். அண்ணி அங்கை வேலை செய்யிறாவோ எண்டு கேட்டான். நான் ஓம் எண்டு சொன்னனான். ஒரு மாசத்துக்கு மேலா அதை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியிறன். நீ சாப்பிடுறேல்லை, கதைக்கிறேல்லை, போனைக் கவிட்டு வைக்கிறாய். இப்ப இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என்னைக் கேக்கிறாய்."

மிதுனா வாயைத் திறந்தாள். குச்சி வாங்கப் போனேன் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில், அந்த மேசைக்கு முன்னால், அது அவளுக்கே ஒரு கட்டுக்கதைபோலக் கேட்டது. சொன்னாள். அவன் நம்பினானா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. வவுனியாவில் ஒருவரும் இல்லை என்று அவன் சொன்னதை அவளும் நம்பவில்லை.

கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. திருநீற்றுப் பொட்டலத்தைப் பிடித்தபடி மாமி நடைவாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"பிள்ளை சொல்லுறது உண்மை" என்றாள் மாமி. "அண்டையிலை இருந்துதான் என்ரை தேத்தண்ணியைத் தொட்டிக்குள்ளை ஊத்துறாள்."

மிதுனா திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனியோ? ரெண்டு மாசமா உனக்குத் தலைமுழுக்கு இல்லை. என்ரை கையாலை பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடிக்கேல்லை. நான் மருந்து தந்து அழிச்சுப்போட்டன் எண்டு நினைக்கிறாய். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும்தான் பிள்ளை அது, ராகுலனுக்கும் அதைத்தான் வைச்சுக் குடுக்கிறனான். நான் கேட்டால் நீ சொல்லப் போறேல்லை. அதுதான் கீழ்த்தட்டு ஹப்ஸாவிட்டை நம்பர் வாங்கி அந்த மிட்வைஃப் பிள்ளையைக் கூப்பிட்டனான். அவளுக்காவது சொல்லுவாய் எண்டு."

யார் சொன்னது என்று மிதுனா எத்தனை பேரை நிறுத்திப் பார்த்தாள். மாமியை ஒரு தரமும் அந்த வரிசையில் நிறுத்தவில்லை. கெடுதல் செய்கிற ஆள் என்று வேறு வரிசையில் வைத்திருந்தாள்.

மாமி கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது, கேட்டதே போதுமாக இருந்தது. "ஆர் பிழை எண்டு பிறகு அடிபடுங்கோ. நாளைக்கு விடிய ரெண்டுபேரும் போய் ரத்தத்தைக் குடுங்கோ. இந்த முறையும் நாங்கள் கதைச்சுக்கொண்டிருக்க அது போகப்படாது."

போனார்கள். அந்தக் கிளினிக்கின் நீண்ட வாங்கில் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு உட்கார்ந்தார்கள். எதிரில் இருந்தவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராகுலன் ஒரே ஒரு கேள்வி கேட்டான், அதுவும் அவளிடம் இல்லை, டொக்டரிடம். அப்படி நோய் இருந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்? டொக்டரின் பெயர் ஷிப்லி. தலை நரைத்த, அவசரப்படாத மனிதர். இருந்தாலும் ஊசி போட்டுச் சுகப்படுத்தலாம், பிள்ளையையும் காப்பாற்றலாம், வேளைக்கு வந்திருக்கிறீர்கள் என்றார்.

முடிவு வர ஒரு கிழமை எடுத்தது. அந்தக் கிழமை ராகுலன் வவுனியாவுக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்தான், முன்னறையில் படுத்தான். மிதுனா மாமி தந்த சோற்றைச் சாப்பிட்டாள். முதல் நாள் முதல் கவளத்தை நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தாள். மாமி அதைக் காணாததுபோல அங்கால் போனாள்.

பத்தாம் கிழமை இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு வைத்து டொக்டர் ஷிப்லி சொன்னார். "உங்க ரெண்டு பேருக்கும் அந்த நோய் இல்ல. இவருக்கு முதல் சோதனையிலயே ஒண்டுமில்ல. உங்களுக்கு உறுதிச் சோதனையில இல்ல எண்டு வந்திருக்கு."

மிதுனாவுக்குக் கோபம் வந்தது. "அப்ப முதல் பிழையா வந்ததோ?"

"பிழை எண்டு செல்ல ஏலாது. அந்தச் சோதனை கிருமியத் தேடுறதில்ல. ரத்தத்தில ஒரு வகை எதிர்ப்புப் பொருள் இருந்தா அதப் பிடிக்கும். நோயே இல்லாத சிலர்ட ரத்தத்திலயும் அது இருக்கும். அப்பிடியான ஆக்களுக்கு ரத்தம் லேசில உறைஞ்சிரும். பிள்ளைக்கு ரத்தம் போற வழி அடைபட்டுப் போகும்." அவர் அட்டையைப் புரட்டினார். "உங்களுக்கு ரெண்டு தரம் போயிருக்கு. அதுக்கு இதுதான் காரணமா இருக்கலாம். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறன். அங்க வேற ரத்தச் சோதனை செய்வாங்க. பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு அதத் திரும்பவும் செஞ்சாத்தான் நிச்சயமாச் செல்லலாம். ஆனா அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்க மாட்டாங்க. மருந்த உடன தொடங்குவாங்க."

பன்னிரண்டு கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் மிதுனாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. தான் தனக்குப் போட்டுக்கொண்ட தவணையை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. கைப்பைக்குள் கிடந்த பழைய டொக்டரின் துண்டை எடுத்து நீட்டினாள். ஷிப்லி பார்த்தார். அவர் எழுதப்போன சோதனைகள் அதில் மூன்றாவது வரியில் இருந்தன. அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. இருவரும் மதிலோரம் கொஞ்சம் நின்றார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது. யார் தொடங்குவது என்று தெரியவில்லை. "வெயிலுக்கை நிக்காதையும்" என்று சொல்லிவிட்டு ராகுலன் த்ரீவீல் பிடிக்கப் போனான்.

ஆஸ்பத்திரிச் சோதனையிலும் அந்த எதிர்ப்புப் பொருள்தான் தெரிந்தது. தினமும் ஒரு அஸ்பிரின் குளிசையும் வயிற்றுத் தோலில் ஒரு ஊசியும் என்றார்கள். ஊசி போடத் தாதி காட்டித் தந்தாள். மிதுனாவால் தன் வயிற்றில் தானே குத்த முடியவில்லை. ராகுலன் பழகிக்கொண்டான். ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து, தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துப் போடுவான். தொப்புளைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகக் கண்டல்கள் பரவின. அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் கதைத்தது எந்தப் பக்கம் இன்றைக்கு என்பது மட்டும்தான். வேலைக்கு அவன் திரும்பவும் வவுனியா போகத் தொடங்கியபோது அந்த நாட்களில் ஸும்றா வந்து போட்டாள். லிஃப்ட் பெரும்பாலும் வேலை செய்யவில்லை. மாமி அவளுக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தாள், மிதுனாவுக்கும் சேர்த்து.

பன்னிரண்டு கிழமை கழிந்தது. இருபதாம் கிழமை ஸ்கானில் முகம் தெரிந்தது. முப்பத்தேழாம் கிழமை பெண் பிள்ளை பிறந்தது, இரண்டு கிலோ நானூறு. அழுத சத்தம் பெரிதாக இருந்தது. ராகுலன் பிள்ளையை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள் ஆடியதை மிதுனா கட்டிலில் கிடந்தபடி பார்த்தாள்.

பிள்ளை பிறந்த பிறகும் ஆறு கிழமை ஊசி போட வேண்டியிருந்தது. மூன்றாம் கிழமை ஒருநாள் காலை, ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ராகுலன் சொன்னான், "நாளைக்கு வவுனியா போறன்."

"எப்ப வருவியள்?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அந்தக் கேள்விக்குள் வேறு ஏதும் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது. அவளுக்கு விளங்கியது.

"சும்மாதான் கேட்டனான்" என்றாள்.

"வியாழக்கிழமை" என்றான் அவன். இன்னும் கொஞ்ச நேரம் பஞ்சைப் பிடித்திருந்தான். பிறகு, "ஸும்றா மிஸ்ஸிக்குச் சொல்லிப்போட்டன், ஆறரைக்கு வருவா" என்றான்.

பிள்ளை முனகியது. இருவரும் ஒரே நேரத்தில் தொட்டில் பக்கம் திரும்பினார்கள்.